மிருதுளாவின் பசி யாரிடம்

மிருதுளாவின் வலது முழங்கால் நாட்டிய டீச்சர் பரிமளாவிடம் போய்ச் சேர்ந்தது, எங்கள் சர்க்கரை ஆலையில் அரவை தொடங்கிய வாரத்தில்தான். கால் கழன்று போய்விடவில்லை. அது மிருதுளாவிடம்தான் இருந்தது, அதை மடக்கினாள், நீட்டினாள், நொண்டி விளையாடினாள், ஆனால் ஆலைக் குடியிருப்பின் தார் ரோட்டில் விழுந்து முட்டி பெயர்ந்து ரத்தம் வழிந்தபோது அவளுக்கு வலிக்கவில்லை, இரண்டு தெரு தள்ளித் தன் வீட்டு ஹாலில் பிள்ளைகளுக்குத் தாளம் தட்டிக்கொண்டிருந்த பரிமளா டீச்சர்தான் முழங்காலைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். முந்தின நாள்தான் டீச்சர், அரைமண்டியில் நின்ற மிருதுளாவைப் பார்த்து, இந்த முட்டி ஏன் இப்படிக் கறுத்துக் கிடக்கிறது, மேடையில் முதலில் இதுதானே கண்ணில் படும் என்று சொல்லியிருந்தார். சொன்னவரிடமே சொல்லப்பட்டது போய்விட்டது, அவ்வளவுதான் விஷயம்.

ஏன் இப்படி ஆயிற்று என்று யாரும் ரொம்ப மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. மொலாசஸ் தொட்டி கசிகிறது, அந்த வாடைதான் காரணம் என்று சிலர் சொன்னார்கள், தலைவலிக்கும் குழாயில் தண்ணீர் வராததற்கும்கூட நாங்கள் அதையேதான் சொல்வோம். கைக்குழந்தைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை, அவர்களைப் பற்றி என்ன சொன்னாலும் அவர்கள் காதில் வாங்குவதில்லை. மீசை அரும்பியவர்களுக்கும் பாவாடை தாவணி வயதுக்காரிகளுக்கும் ஒன்றும் ஆகவில்லை, அவர்கள் வாங்கியதைச் சுடச்சுடத் திருப்பிக் கொடுக்கப் பழகியிருந்தார்கள். இரண்டுக்கும் நடுவில், நான்காவது ஐந்தாவது ஆறாவது படிக்கிற பிள்ளைகள்தான், பெரியவர்கள் தங்களைப் பார்த்துச் சொல்வதெல்லாம் நிஜம் என்று எடுத்து உள்ளே வைத்துக்கொள்கிற அந்த வயதுப் பிள்ளைகள்தான், ஒவ்வொன்றாக இழந்துகொண்டிருந்தார்கள்.

திலீபன் என்கிற பையனின் தோள்கள் அவன் அப்பாவிடம் இருந்தன; எங்கள் வம்சத்திலேயே தோள்பட்டை இல்லாமல் பிறந்தவன் இவன்தான் என்று கேரம் போர்டைச் சுற்றி நின்றவர்களிடம் அவர் சொல்லிச் சிரித்த நாளிலிருந்து, பையன் புத்தகப் பையை மாட்டும்போதெல்லாம் கரும்பு எடைமேடையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த அவருக்குத் தோள் இற்றுப்போயிற்று. ஒரு பெண்ணின் சுருட்டைத் தலை மேலாளர் மனைவியிடம் போயிருந்தது, பேன் பெண்ணுக்கு, அரிப்பு அந்த அம்மாளுக்கு. பள்ளி வேனில் ஒருவனைப் பல்லன் என்று கூப்பிட்ட பையன், அவன் குச்சி ஐஸைக் கடித்தபோது தன் தாடையைப் பிடித்துக்கொண்டு அழுதான். கொஞ்ச நாளில் பிள்ளைகளுக்கும் இது பழகிவிட்டது. மார்கழிக் காலையில் ஒரு பிள்ளை எதிர்வீட்டுக் கதவைத் தட்டி, அத்தை, என் பாதம் குளிருதா, சாக்ஸ் போடணுமா என்று கேட்கும், அத்தை வெங்காயம் உரித்துக்கொண்டே ஆமாம் கண்ணு, போட்டுக்கொள் என்பாள்.

திருப்பிக் கொடுப்பது பெரிய காரியமில்லை என்பதையும் சீக்கிரமே கண்டுபிடித்துவிட்டோம். வைத்திருப்பவர் பிள்ளையின் எதிரே வந்து, நான்தான் சொன்னேன், உன்னுடையதை நீ எடுத்துக்கொள் என்று சொல்ல வேண்டும், பிள்ளை சரி என்று தலையாட்ட வேண்டும், அந்த நிமிஷமே போய்விடும். ஆனால் நான்தான் சொன்னேன் என்று சொல்ல வேண்டுமே. அடுத்தவர் பிள்ளையின் பல்வலியை வருஷக்கணக்கில் பொறுத்துக்கொண்டாலும் பொறுத்துக்கொள்வார்கள், அதைச் சொல்ல எங்கள் ஆட்களுக்கு வாய் வராது.

அதனால் எல்லாரும் எல்லாரையும் கவனிக்கத் தொடங்கினோம். காரணமில்லாமல் காதைத் தடவியவர்களை உற்றுப் பார்த்தோம், ரேஷன் வரிசையில் ஒருவர் திடீரென்று நொண்டினால் பின்னால் நின்றவர்கள் கிசுகிசுத்தார்கள், ஒரு பிள்ளை சைக்கிளிலிருந்து விழுந்தால் பிள்ளையைத் தூக்குவதற்கு முன்னால் சுற்றி நிற்பவர்களில் யார் முகம் சுளிக்கிறது என்று தெரு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. நான் யாருடைய எதையும் வைத்திருக்கவில்லை. இதை நீங்கள் நம்ப வேண்டிய கட்டாயமில்லை, எங்கள் தெருவிலும் யாரும் நம்பவில்லை.

நிறம்தான் பெரிய சிக்கலாக இருந்தது. டிவியில் முகத்துக்குப் பூசுகிற க்ரீம் விளம்பரத்தில் ஒரு பெண் வருவாள், கறுப்பாக இருந்தவளை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை என்று நேராகக் கண்ணைப் பார்த்துச் சொல்வாள், அதைப் பார்த்துக்கொண்டே வளர்ந்த பிள்ளைகளின் தோல் மொத்தமாக அவளிடம் போய்விட்டது. அவளை எங்கே போய்ப் பிடிப்பது. அந்தப் பிள்ளைகள் உச்சி வெயிலில் செருப்பில்லாமல் ஓடினார்கள், மழை பெய்தால் சட்டை நனைந்திருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துத் தெரிந்துகொண்டார்கள். எங்கோ குளுகுளு அறையில் உட்கார்ந்திருக்கும் அந்தப் பெண் எங்கள் ஊர் வெயிலில் வெந்துகொண்டிருப்பாள் என்று நினைத்துக் கொஞ்சம் ஆறுதல்பட்டுக்கொண்டோம், வேறு என்ன செய்ய.

பொங்கல் முடிந்து, மனமகிழ் மன்றத்தில் கூட்டம் போட்டு ஒரு முடிவுக்கு வந்தோம். பிள்ளைகளைப் பார்த்தால் சாப்பிட்டாயா, படித்தாயா என்பதற்கு மேல் ஒரு வார்த்தை பேசக் கூடாது. இளைத்துவிட்டாயே, கறுத்துவிட்டாயே, அப்பாவை மாதிரி வளர மாட்டாயா என்பதெல்லாம் கூடவே கூடாது. பெற்ற தாய்மாருக்கு மட்டும் விலக்கு. குளிப்பாட்டுகிறவள், தலை வாருகிறவள், தையற்காரரிடம் அளவு கொடுக்கிறவள் பேசாமல் எப்படி இருப்பாள். தவிர, தாய் சொல்வதெல்லாம் ஒரு சொல்லா, அது கணக்கில் வராது என்று ஏகமனதாக முடிவானது. அதை அழுத்திச் சொன்னவர்கள் தாய்மார்கள்தான்.

ஆனால் அதற்கு முன்பே மிருதுளாவின் பசி போய்விட்டிருந்தது.

மிருதுளா ஐந்தாவது படித்தாள். அப்பா ஞானசேகர் ஆலையில் பாகு காய்ச்சும் பிரிவில் இருந்தார், அம்மா தமயந்தி வீட்டில் இருந்தாள், ஒரே பெண். டிபன் பாக்ஸ் கட்டினபடியே திரும்பி வந்தது. தட்டில் போட்டால் அளைந்தாள், ஊட்டினால் கன்னத்தில் அடக்கிவைத்துப் பின்பக்கம் போய்த் துப்பினாள். பசிக்கவில்லையா என்று கேட்டால், பசித்தால் எப்படி இருக்கும் என்று திருப்பிக் கேட்டாள். பள்ளிக்கூடத்துக் காலைப் பிரார்த்தனையில் மயங்கி விழுந்த பிறகு ஆலை மருந்தகத்துக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள், அங்கே ஜெசிந்தா சிஸ்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்தார், கிள்ளிப் பார்த்தார், பெண் கூரையைப் பார்த்துக்கொண்டு சும்மா படுத்திருந்தது.

"வயித்துல ஒரு கோளாறும் இல்ல தமயந்தி. வயிறுதான் இவகிட்ட இல்ல, யாரோ வச்சிருக்காங்க. சீக்கிரம் கண்டுபிடிங்க. இந்த உடம்பு கோடை வரைக்கும் தாங்காது" என்றார் சிஸ்டர்.

அன்றிலிருந்து தமயந்திக்கு வேறு வேலை இல்லை. மகளைப் பற்றி யார் யார் என்ன என்ன சொன்னார்கள் என்று நடந்து நடந்து யோசித்தாள். ஏதாவது சாக்குச் சொல்லிக்கொண்டு மத்தியானச் சாப்பாட்டு நேரம் பார்த்து ஒவ்வொரு வீடாகப் போய் உட்கார்ந்து, யார் இரண்டாம் தரம் சோறு போட்டுக்கொள்கிறார்கள், யார் குழம்புச் சட்டியை வழித்துப் போடுகிறார்கள் என்று கண் கொட்டாமல் பார்த்தாள். சாப்பிடச் சொன்னால் மறுக்காமல் அங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டாள், அடுத்த வீட்டிலும் சாப்பிட்டாள். கவலையில் தின்கிறாள், பாவம் என்றோம். பிள்ளை எலும்பாகிக்கொண்டிருந்தாள், தாய் ரவிக்கையின் பக்கத் தையலைப் பிரித்துவிட்டுக்கொண்டிருந்தாள், நாங்கள் அதைப் பற்றித் தண்ணீர்க் குழாயடியில் பேசிக்கொண்டோமே ஒழிய, பேசுவதற்கு மேல் ஒன்றும் எங்களுக்குத் தோன்றவில்லை.

கடைசியில் சந்தேகம் பரிமளா டீச்சர் மேல் போய் நின்றது. ஆண்டுவிழாவுக்குப் பிள்ளைகளை முன்வரிசை, பின்வரிசை என்று பிரிக்கிறவர் அவர்தான், இடுப்புப் பட்டை யாருக்கு எந்த ஓட்டையில் பூட்டும் என்று தெரிந்தவர் அவர்தான். தமயந்தி மகளைக் கையில் பிடித்துக்கொண்டு போய் டீச்சர் வீட்டு ஹாலில் நின்றாள், என் பெண்ணின் பசியைக் கொடுத்துவிடுங்கள் என்றாள். டீச்சர் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்.

"முட்டி என்கிட்ட இருக்கு, ஒத்துக்கறேன்" என்றார். "இன்னும் சில பிள்ளைங்களோட இடுப்பு, பாதம், ஒருத்தியோட கழுத்து, எல்லாம் என்கிட்டதான் இருக்கு. படுத்தா புரள முடியல. ஆனா வயிறு இல்லீங்க. இவ வயித்தப் பத்தி நான் ஒரு வார்த்தை சொன்னதில்ல."

பிறகு மிருதுளாவைப் பக்கத்தில் கூப்பிட்டு, அவள் அம்மாவின் எதிரிலேயே, நான்தான் சொன்னேன், உன்னுடையதை நீ எடுத்துக்கொள் என்றார். மிருதுளா தலையாட்டினாள். உடனே முகம் சுருங்கிற்று, குனிந்து, எப்போதோ அடிபட்டுப் பொருக்குக் கட்டியிருந்த முட்டியை முதல் தடவை பார்ப்பதுபோலப் பார்த்து, இழுக்கிறது என்றாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் சந்தோஷமும் இருந்தது.

தமயந்தி நம்பவில்லை. முட்டியைக் கொடுத்து வயிற்றை அமுக்கிக்கொள்கிறாள் என்று குழாயடியில் சொன்னாள், எங்களுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. ஒத்துக்கொண்டவள் இன்னும் எவ்வளவு வைத்திருப்பாளோ என்று மற்றத் தாய்மார்களும் பிள்ளைகளை நிறுத்திவிட்டார்கள், டீச்சர் வீட்டு ஹால் காலியாயிற்று. ஒன்றும் ஒத்துக்கொள்ளாத எங்கள் வீடுகளுக்கு மட்டும் வருவோர் போவோர் குறையவில்லை.

அப்புறம்தான் அந்தச் சோதனை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மன்றத்து ஹாலில் எல்லாரையும் வரச் சொன்னார்கள். வராதவர்கள் மேல் சந்தேகம் வரும் என்பதால் காய்ச்சல்காரர்கள்கூடப் போர்த்திக்கொண்டு வந்தார்கள். மிருதுளாவை மேடையில் நிறுத்தி, தமயந்தி பின்னால் நின்று சட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொள்ள, ஜெசிந்தா சிஸ்டர் ஐஸ் தண்ணீரில் துணியை நனைத்து அந்த ஒட்டிய வயிற்றில் வைத்தார். பிள்ளைக்கு ஒன்றும் தெரியவில்லை. நாங்கள் ஒருவர் வயிற்றை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம், ஒருவேளை நமக்கே சில்லென்று வந்துவிடுமோ என்ற பயத்தில் எல்லாரும் மூச்சை இழுத்து வயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தோம், ஆண்கள் பெண்கள் ஆபீசர்கள் தொழிலாளிகள் யாரும் அசையவில்லை. பரிமளா டீச்சரும் அசையவில்லை. ஃபேன் காற்று ஜாஸ்தி என்று தமயந்தி மட்டும் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். இரண்டாம் தடவையும் வைத்துப் பார்த்துவிட்டு, ஊரைவிட்டுப் போனவர்கள் யாராவது எடுத்துப் போயிருப்பார்கள் என்று சொல்லிக்கொண்டு கலைந்தோம். மிருதுளா மேடையிலேயே நின்று, திரும்பி, அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மனிதர்களிடம் கேட்டு முடிந்ததால் தமயந்தி அம்மனிடம் கேட்டாள். மகளுக்குப் பசி வர வேண்டும் என்று செவ்வாய்க்கிழமை பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் விரதம் இருப்பதாக வேண்டிக்கொண்டாள். கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே விரதம் அவளுக்குப் பெரிய விஷயமில்லை, ஆனால் இந்தச் செவ்வாயன்று காலை ஆலைச் சங்கு ஊதும்போதே கை நடுங்கிற்று, பதினோரு மணிக்குக் கண் இருட்டிற்று, மத்தியானம் தாங்க முடியாமல் விரதத்தை முறித்து, முதல் நாள் சோறு, தோசை மாவு, ஞானசேகருக்கு எடுத்து வைத்திருந்தது என்று இருந்ததையெல்லாம் தின்றாள். வயிறு முட்டிக்கொண்டு நின்றது, குனிய முடியவில்லை, பசி மட்டும் அப்படியே இருந்தது. இவ்வளவு நாளும் அப்படித்தான் இருந்திருக்கிறது என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது, ஆனால் ஏன் என்று தோன்றவில்லை. மகளுக்குப் பிசைந்து வைத்த தயிர்சாதக் கிண்ணத்தின் முன்னால் சமையற்கட்டுத் தரையில் உட்கார்ந்து, அழுதுகொண்டிருந்தாள்.

பள்ளிக்கூடம் விட்டு மிருதுளா வந்தாள். வாசல்படியில் பையோடு நின்று பார்த்தாள்.

"ரொம்பப் பசிக்குதாம்மா?"

"கொல்லுதுடி. என்ன பசின்னே தெரியல."

மிருதுளா பையை இறக்கிவைத்துவிட்டு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து, எனக்கு ஊட்டிவிடு என்று வாயைத் திறந்தாள். மாசக் கணக்கில் கேட்காத வார்த்தை, தமயந்தி அவசர அவசரமாக உருட்டி வாயில் வைத்தாள். பெண் அதைக் கன்னத்தில் ஒதுக்கவில்லை, மாத்திரை முழுங்குவதுபோலக் கழுத்தை நீட்டி முழுங்கினாள், இன்னொரு வாய், இன்னொரு வாய், கண்ணில் தண்ணீர் முட்ட முட்ட முழுங்கினாள், முழுங்கும்போதெல்லாம் தன் வயிற்றைப் பார்க்காமல் அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கிண்ணம் பாதி குறைந்தபோது தமயந்தியின் கை நடுக்கம் நின்றது. இன்னும் கொஞ்சம் குறைந்தபோது, தை மாசத்திலிருந்து அவளைத் தின்றுகொண்டிருந்த அந்தப் பசி மெல்ல மெல்ல இறங்கி, இல்லாமல் போயிற்று. உருட்டிய கவளத்தோடு கை அப்படியே நின்றுவிட்டது.

"இப்ப அடங்குச்சாம்மா?" என்றாள் மிருதுளா.

உனக்கு எப்போது தெரியும் என்று தமயந்தி கேட்டாள். மன்றத்தில் ஐஸ் வைத்தபோது உன் கைதான் வெடவெடவென்று நடுங்கியது, சட்டையைப் பிடித்திருந்ததால் எனக்குத் தெரிந்தது என்றாள் மகள். நான் எப்போதடி உன்னைச் சொன்னேன் என்று கேட்டாள் தாய், உன்னை ஒரு சொல் சொல்வேனா என்று கேட்டாள்.

"பொங்கலன்னைக்கு ஆபீசர் வீட்டம்மா வந்தாங்கல்ல. உங்க பொண்ணு அம்மன் சிலையாட்டம் இருக்கான்னு சொன்னாங்க. நீ ஒடனே, என்னத்த சிலை, வயித்தப் பாருங்க, பானையாட்டம் முன்னாடி வந்து நிக்குது, ரெண்டாள் சோறு திங்குறான்னு சொன்னே. எல்லாரும் சிரிச்சாங்க."

"அது கண்ணு படக் கூடாதுன்னு சொன்னதுடி."

"தெரியும்மா."

தமயந்தி மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள். எத்தனை வீட்டுச் சோற்றுத் தட்டை எட்டிப் பார்த்தோம், ஒத்துக்கொண்டவளை எப்படித் தெருவில் இழுத்துவிட்டோம் என்றெல்லாம் நினைத்து அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு மகளின் எதிரே நேராக உட்கார்ந்து, நான்தான் சொன்னேன், உன்னோடதை நீ எடுத்துக்கோ என்றாள்.

மிருதுளா தலையாட்டவில்லை.

"வேணாம்மா. உன்கிட்டயே இருக்கட்டும். என்கிட்ட வந்தா மறுபடி யாராவது ஏதாவது சொல்லி எடுத்துட்டுப் போயிருவாங்க, அப்புறம் யாருகிட்டப் போய்த் தேடுறது. உன்கிட்டன்னா வீட்டுக்குள்ளயேதான இருக்கும். பசிச்சா என்னைக் கூப்பிடு, வந்து சாப்பிடறேன்."

யாரும் எதுவும் சொல்லாமல் நான் பார்த்துக்கொள்கிறேன் என்று தமயந்தி கெஞ்சினாள். சரி என்று சொல்லிவிட்டும் மிருதுளா தலையை ஆட்டவில்லை, கழுத்தை விறைப்பாக வைத்துக்கொண்டிருந்தாள். மோவாயைப் பிடித்துத் தானே ஆட்டிவிடலாம் என்று தமயந்தியின் கை எழுந்தது. பாதி தூரம் போனதும் இழுத்துக்கொண்டாள்.

அடுத்த கூட்டத்தில் தமயந்தி எழுந்து நின்று, என் பெண்ணின் பசி என்னிடம்தான் இருக்கிறது என்று எல்லார் முன்னாலும் சொன்னாள். அன்று சாயங்காலம் எங்கள் குடியிருப்பில் நிறையத் தாய்மார்கள் பிள்ளைகளை உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்கள், எந்தப் பிள்ளை தலையாட்டியது, எது ஆட்டவில்லை என்று யாரும் வெளியில் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. பரிமளா டீச்சர் வீட்டுக்குத் தமயந்தி மன்னிப்புக் கேட்கப் போனாள், கதவு திறக்கவில்லை.

மிருதுளா இப்போது கொஞ்சம் தேறியிருக்கிறாள். மற்றப் பிள்ளைகளோடு தெருவில் விளையாடுகிறாள், ஓடுகிறாள், விழுந்தால் முட்டி வலிக்கிறது என்று உரக்கச் சொல்கிறாள். உள்ளே தமயந்திக்குப் பசிக்கும். அது தன்னுடைய பசியா மகளுடைய பசியா என்று அவளுக்கு இன்றுவரை பிரித்துச் சொல்லத் தெரியவில்லை, ஆகவே எப்போது பசித்தாலும் முதலில் வாசலுக்கு வந்து மகளைத்தான் கூப்பிடுகிறாள். மிருதுளா கூப்பிட்டதும் ஓடி வருவதில்லை. விளையாட்டை நிறுத்தி, தெருவில் யார் யார் நிற்கிறார்கள் என்று ஒவ்வொருவராகப் பார்த்துவிட்டு, சட்டையைக் கீழே இழுத்து விட்டுக்கொண்டு, அப்புறம்தான் வருகிறாள்.